ஏணியின் கீழ் நாலு நட்டு

என் அக்கா புருஷனை எங்கள் பட்டறைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ரெண்டுவாட்டி’ என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். கதவைப் பூட்டினால் ரெண்டுவாட்டி இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை அணைப்பார். அணைந்த அடுப்பை எப்படி அணைப்பீர்கள் என்று கேட்டால் காது கேட்காத மாதிரி நடப்பார். அக்காவிடம் ‘என்னைக் கட்டிக்கிறியா’ என்று கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகு, ‘நல்லா யோசிச்சுதான் சொல்றியா?’ என்று மறுபடி கேட்ட ஆள் அவர். ‘மூணாவது வாட்டி கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவேன்’ என்று அக்கா மிரட்டியதால்தான் அந்தக் கல்யாணமே நடந்தது.

அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். பத்தொன்பது வருடம் அவரோடு ஒரே தகரக் கூரையின் கீழ் வேலை செய்கிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்குக் கோபமே வராது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

காடுமேடு ஏறுகிற ஜீப்புகளுக்குச் சாமான் மாட்டுவது எங்கள் தொழில். கூரைக்குக் கேரியர், முன்னால் கம்பி பம்பர், பின்கதவில் ஏணி. வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு ஏணி மாட்டுவது ஆணியில் காலண்டர் மாட்டுவது மாதிரி. கதவு வெறும் தகரம் என்பது அவனுக்குத் தெரியாது. ஏணியின் மேல்கால்கள் கதவின் மேல் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும். அதற்குச் சின்ன போல்ட் நாலு. கீழ்க்கால்களுக்குக் கதவையே துளைத்து, உள்பக்கம் இரும்புப் பட்டை கொடுத்து, பெரிய போல்ட் நாலு. ஆள் ஏறும்போது பாரத்தைத் தாங்குவது இந்தக் கீழ் நாலுதான். அதன் நட்டுகள் கதவின் வயிற்றுக்குள் இருக்கும். உள்பலகையைக் கழற்றினால்தான் கை போகும். பலகையை மாட்டி மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்கும் தெரியாது.

இறுக்குவதற்கு எங்களிடம் ஒரே ஒரு அளவு ஸ்பேனர். பிடியில் எண்கள் இருக்கும். வேண்டிய எண்ணில் திருகி வைத்தால், அந்த இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும். மேல் போல்டுக்கு இருபது, கீழ் போல்டுக்கு நாற்பது. டக் கேட்டதும் அந்த நட்டின்மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் அந்த நட்டு முடிந்தது என்று அர்த்தம். இது அத்தான் போட்ட சட்டம்.

யார் பொட்டு வைத்தாலும் அவர் ஒரு தடவை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவார். வெல்டர் ஒருவன் இதற்காகவே வேலையை விட்டுவிட்டுப் போனான். என் முன்னால் மட்டும் என் நட்டுகளை அவர் தொட்டதில்லை. மச்சினன் மனசு நோகக் கூடாது என்று, நான் நகர்ந்த பிறகு திருட்டுத்தனமாகப் பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் வசதியாகவும் இருந்தது. நான் கண் அசந்தாலும் பின்னால் ஒருவர் இருக்கிறார் அல்லவா?

அவருக்கு ஒரே மகள். இருபத்தாறு வயதாகியும் எங்களுக்குப் பாப்பாதான். நிலம் அளக்கும் ஆபீசில் வேலை. மலைப்பக்கம் புதர் உயரமாக இருக்கும் இடங்களில் ஜீப்பின் கூரைமேல் ஏறி நின்று கருவியை வைத்து அளப்பாள். அதுவரை டயரில் கால் வைத்து, ஜன்னலைப் பிடித்துத் தொற்றித்தான் ஏறிக்கொண்டிருந்தாள். ஆபீசில் ஏணி மாட்டிக்கொள்ளச் சொன்னதும் வேறெங்கும் போகாமல் வண்டியை நேராக அப்பாவிடம் கொண்டுவந்தாள்.

“அப்பா, பத்து மணிக்குள்ள முடிச்சுக் குடு. ரெண்டாவது வாட்டி பாக்குற வேலையெல்லாம் சாயங்காலம் வீட்டுல வெச்சுக்கோ” என்றாள்.

அத்தான் சிரித்தார். மணி அப்போதே எட்டரை.

ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். மேல் நாலு அவருக்கு, கீழ் நாலு எனக்கு. துளை போட்டு, விளிம்புக்குத் துரு பிடிக்காத பூச்சு கொடுத்து, பட்டை வைத்து, போல்டைச் செருகி, நட்டுகளைக் கையால் திருகிவிட்டேன். ஸ்பேனர் அவர் கையில் இருந்தது. அவர் இருபதில் வைத்து நிதானமாக இறுக்கிக்கொண்டிருந்தார். பாப்பா நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். மஞ்சள் பெயிண்ட் காய்வதற்குக் கால்மணி நேரம் ஆகும். காயாமல் பலகையை மூடினால் உள்ளே எல்லாம் அப்பிக்கொள்ளும். சும்மா நிற்கிற நேரத்தில் பொட்டையாவது வைத்துவிடுவோம், அது காய்வதற்குள் ஸ்பேனர் வந்துவிடும், இறுக்கிக்கொள்ளலாம் என்று நாலு நட்டிலும் பொட்டு வைத்தேன். இறுக்காத நட்டுக்குப் பொட்டு! என்னை எதால் அடித்தாலும் தகும். அப்போது அப்படித் தோன்றவில்லை. எப்படியும் அவர் ஒரு தடவை பார்ப்பார்தானே என்றுதான் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் சாமான் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து எங்கள் சுவரை இடிக்கப் பார்த்தது. கத்திக்கொண்டே ஓடினேன். லாரிக்காரனோடு என் வழக்கமான சண்டையைப் போட்டு முடித்துத் திரும்பியபோது பலகை மூடியாகிவிட்டது. அத்தான் ஏணியின் நடுப்படியில் ஏறி நின்று, மூன்று தடவை குதித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஏணி அசையவில்லை. கையால் திருகிய நட்டு புது போல்டில் கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்யும். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கீழ் நாலையும் அவரே இறுக்கி மூடிவிட்டார், என் வேலை மிச்சம் என்று கையைத் துடைத்தேன். பாப்பா கையாட்டிவிட்டுப் போனாள்.

மதியம் சாப்பிடுவதற்கு முன் சாமான்களைத் துடைத்து வைப்பது என் பழக்கம். அளவு ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனேன். பிடியில் எண்ணைப் பார்த்தேன்.

இருபது.

பாப்பா போன பிறகு அதை யாரும் தொடவில்லை. கீழ் போல்டை இறுக்கியிருந்தால் அது நாற்பதில் அல்லவா நிற்க வேண்டும்? ஒருவேளை இறுக்கி முடித்துவிட்டுத் திரும்ப இருபதுக்குக் கொண்டுவந்திருப்பாரோ? அப்படி அவர் ஒருநாளும் செய்ததில்லை. ஸ்பேனரோடு வெளியே ஓடினேன். அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“அத்தான், கீழ நாலையும் நாப்பதுல பாத்தீங்கல்ல?”

“நீ பொட்டு வெச்சிருந்தியே” என்றார். சோப்பு நுரையோடு கை அப்படியே நின்றது.

“அது… இறுக்கறதுக்கு முன்னாடியே வெச்சேன் அத்தான். நீங்க பாப்பீங்கன்னு…”

அவர் ஈரக்கையோடு போய்ப் பட்டறையின் பழைய வண்டியை எடுத்தார். நான் ஸ்பேனரோடு ஓடிப்போய் ஏறினேன். குழாயை மூடவில்லை. பட்டறையைப் பூட்டவில்லை. எல்லாவற்றையும் ரெண்டுவாட்டி மூடுகிற மனிதர் எதையுமே மூடாமல் கிளம்பியதைப் பார்த்தபோதுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு உறைத்தது.

பாப்பாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. ஆபீசுக்குப் பேசினேன். “மலைக்குப் போயிருக்காங்க. அங்க டவர் கிடையாது. சாயங்காலம் இறங்கினாத்தான் பேச முடியும்” என்றார்கள். கரடுமுரடான பாதையில் ஜீப் ஆட ஆட, இறுகாத நட்டு ஒவ்வொரு சுற்றாகக் கழன்றுகொண்டே வரும். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

பாதி வழியில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

“எங்கடா போனீங்க ரெண்டு பேரும்? சாப்பாட்டைத் தொடவே இல்ல. பட்டறை தெறந்து கெடக்கு, குழாய்ல தண்ணி ஓடுது! அவரு அப்படி விட்டுட்டுப் போற ஆளே இல்லயே?”

“ஒரு வண்டி வழியில நின்னுபோச்சுக்கா. அவசரமா கூப்பிட்டாங்க.”

“பாப்பா பேசினாளா?”

“இல்லக்கா. டவர் இருக்காது.”

போனை வைத்துவிட்டு அத்தானைப் பார்த்தேன். அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

“அத்தான், என் நட்டையெல்லாம் நீங்க பாக்கவே மாட்டீங்களா?”

“எதுக்குப் பாக்கணும்?”

“எல்லாருதையும் பாப்பீங்களே.”

“நீ வேற, எல்லாரும் வேறயா?” என்றார். சொல்லிவிட்டு அடுத்த வளைவில் கியரை மாற்றினார்.

பத்தொன்பது வருடம்! அவருக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை என்று தெருவெல்லாம் கிண்டல் செய்துகொண்டு திரிந்திருக்கிறேன். அந்த மனிதர் உலகத்தில் ஒரே ஒருத்தன் வேலையைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அழுகைகூட வந்தது. அழுவதற்கு அது இடமில்லை.

மலையடிவாரத்தில் ஒரு தடுப்புக் கதவு. காவலாளி எழுந்து வந்தார்.

“ஏணி மாட்டின ஜீப்பு ஒண்ணு போச்சா?” என்று அத்தான் கேட்டார்.

“போயி ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு பொண்ணும் டிரைவரும். பின்னாடி ஏதோ கிலுகிலுன்னு சத்தம் வருதும்மா, நிறுத்திப் பாருன்னு சொன்னேன். ‘புது ஏணி, எங்கப்பா மாட்டினது, ஒண்ணும் ஆகாது’ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு.”

கதவைத் தூக்கும்வரை அத்தான் காத்திருந்தார். பிறகு ஓட்டிய ஓட்டில் என் தலை ரெண்டு தடவை கூரையில் மோதியது. ஓர் இடத்தில் பாதை நடுவே போல்ட் ஒன்று வெயிலில் மின்னியது. இன்று காலை நான் செருகிய போல்ட். அவரும் பார்த்தார். நிறுத்தவில்லை.

மேலே பாதை ஒரு அலமாரித் தட்டு மாதிரி குறுகிப் போகிற இடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். திரும்பிப் போக வசதியாக ஜீப்பைக் குறுக்கே வளைத்து, பின்பக்கம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். ஏணிக்கும் விளிம்புக்கும் நடுவில் ரெண்டு முழம் இடம் இருந்தால் அதிகம். டிரைவர் பாறை நிழலில் படுத்திருந்தார். பாப்பா கூரையின்மேல் நின்று, கருவியைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஏறிவிட்டாள். இனி இறங்கத்தான் வேண்டும்.

என் கை ஹாரனுக்குப் போனது. அத்தான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“வேணாம். திடுக்குன்னு திரும்புவா.”

தள்ளியே வண்டியை நிறுத்தி இறங்கினோம். நடந்தார். ஓடவில்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

“பாப்பா.”

அவள் திரும்பினாள். எங்களைப் பார்த்ததும் சிரிப்பு பொங்கிவிட்டது.

“அப்பா! ரெண்டாவது வாட்டி பாக்க மலை மேலயே ஏறி வந்துட்டியா? மாமா, நீ வேறயா?”

“அங்கேயே உக்காரும்மா. ஏணில கால் வெக்காத.”

அந்த நேரம் பார்த்துப் பள்ளத்தில் இருந்து காற்று இரைந்து எழுந்தது. அவள் காதில் கை வைத்துக் காட்டினாள். “ஒண்ணும் கேக்கல! இரு, எறங்கி வரேன்!” முதுகைத் திருப்பி, மண்டியிட்டு, வலது காலை மேல்படியில் வைத்தாள்.

கீழ்க்கால்கள் ரெண்டும் கதவை விட்டு ஒரு சாண் விலகின. மேலே கவ்வியிருந்த பிடி கிறீச்சென்று தகரத்தைக் கீறியது.

அத்தான் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஐம்பத்தெட்டு வயது உடம்பு எப்படி அவ்வளவு வேகம் எடுத்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த ரெண்டு முழ இடத்துக்குள் புகுந்து, ஏணியைக் கட்டிப்பிடித்து, நெஞ்சால் கதவோடு சேர்த்து அழுத்தினார். குதிகால் ரெண்டும் விளிம்புக்கு வெளியே இருந்தன. காலடியில் இருந்து கற்கள் சரிந்தன. கீழே விழுந்த சத்தம் வரவே நேரமானது. நான் ஒரு கையால் பம்பரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவருடைய பெல்ட்டைப் பிடித்தேன். பிடித்த பிடியில் என் நகம் பிய்ந்தது பிறகுதான் தெரிந்தது.

“மேல ஏறு பாப்பா.”

“என்னப்பா ஆச்சு?”

“ஏறும்மா.”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவள் மறுபேச்சு பேசவில்லை. காலை எடுத்து மேலே போனாள். அவரை நான் பக்கவாட்டில் இழுத்தேன். அவர் கை விட்டதும் ஏணி தானாகவே கதவை விட்டு விலகி, பள்ளத்துக்கு மேலே ஆடியது. பாப்பா மேலிருந்து குனிந்து அதைப் பார்த்தாள்.

முன்பக்கமாக, கண்ணாடியைத் தாண்டி, பானட்டில் கால் வைத்து, டிரைவர் கையைப் பிடித்து இறங்கினாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். பையைக் கழற்றக்கூடக் கை வரவில்லை.

“ஏறும்போதே சத்தம் வந்துச்சுப்பா. நீ மாட்டினதுன்னுதான் ஏறினேன்.”

“கீழ் நட்டு இறுகல. நான் பாக்காம பலகையை மூடிட்டேன்” என்றார் அத்தான்.

“நீயா? நீ பாக்காமயா?”

அவர் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பழியை முழுசாகத் தன் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு ஒரு மறைப்பு கொடுத்துவிட்டார். ஒரு மூச்சு விடும் நேரம் நான் அந்த மறைப்பில் நிற்கவும் செய்தேன். அதற்குமேல் நிற்க முடியவில்லை.

“இல்ல பாப்பா. இறுக்காமயே பொட்டு வெச்சது நான். உங்கப்பா எப்படியும் பாப்பாருன்னு வெச்சுட்டேன்.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறந்த நாளிலிருந்து என் தோளில் வளர்ந்த பெண். ‘போ மாமா’ என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

“பையில பதினெட்டு கிலோ இருக்கு மாமா” என்றாள். அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏணியை அப்படியே விட்டு இறங்க முடியாது. ஜீப்பை முன்னால் நகர்த்தச் சொல்லி, கதவைத் திறந்து பலகையைக் கழற்றினேன். கதவின் அடிவயிற்றில் நாலு நட்டும் கிடந்தன. மூன்று வழியிலேயே கழன்றிருக்க வேண்டும். அவள் ஏறும்வரை தாக்குப்பிடித்தது கடைசி ஒன்று. நாலிலும் என் மஞ்சள் பொட்டு பளிச்சென்று, கொஞ்சம்கூடக் கலையாமல் இருந்தது. போல்டுகளில் ரெண்டு வழியில் போயிருந்தன. எதையும் ரெண்டு செட்டாக வைத்திருக்கிறவரின் வண்டியில் மாற்று போல்ட் இல்லாமல் போகுமா? எடுத்து நீட்டினார். செருகினேன். பழைய பொட்டுகளைச் சுரண்டி எடுத்தேன். ஸ்பேனரை நாற்பதில் வைத்து ஒவ்வொன்றாக இறுக்கினேன். டக். டக். டக். டக். அதன் பிறகுதான் பெயிண்டைத் தொட்டேன்.

வேலை முடிந்தது. பலகை என் கையில் இருந்தது. மூடவில்லை. அத்தான் பக்கத்தில் நின்றிருந்தார். கேட்கவில்லை, கை நீட்டவில்லை. மகளை ஒரு தடவை பார்த்தார், அந்த நாலு பொட்டையும் பார்த்தார். அந்த ஆளுக்கு அதைக் கேட்க வாய் வராது என்று எனக்குத் தெரியும்.

நானே ஸ்பேனரை அவர் கையில் கொடுத்து, நகர்ந்து இடம் விட்டேன்.

வாங்கிக்கொண்டார். பிடியைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து, என் நாலு நட்டிலும் வரிசையாக ஸ்பேனரை வைத்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. நாலும் அசையவில்லை, நாலும் டக் என்றன. ஒவ்வொரு டக்கும் எனக்குக் கன்னத்தில் விழுந்தது. பாப்பா தரையில் உட்கார்ந்தபடியே அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எல்லார் வேலையையும் போல என் வேலையையும் ரெண்டுவாட்டிதான் பார்க்கிறார்.